1969 போன்டியாக் ஜிடிஓ ஜட்ஜ் விற்பனைக்கு வந்திருக்கிறது: கேட்கும் விலையைக் கொடுக்கலாமா?

கேள்வி: ஓஹையோவாசி

அனைவருக்கும் வணக்கம். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் ஒருவர், முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட 1969-ஆம் ஆண்டு போன்டியாக் ஜிடிஓ ஜட்ஜ் (ஜிடிஓவின் சிறப்பு வகை) கார் ஒன்றை 94,000 டாலருக்கு விற்க முன்வந்திருக்கிறார். அறுபதுகளின் அமெரிக்க மசில் கார்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இந்த வண்டிதான். இதற்கென்றே பணம் சேர்த்து வந்திருக்கிறேன் என்பதால், அவசரப்பட்டு முன்பணம் கொடுப்பதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது என்று இங்கே எழுதுகிறேன்.

விளம்பரத்தின்படி, வண்டி கரோசல் ரெட் எனப்படும் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் ஜட்ஜ் பட்டைகளும் டிக்கியின் மேல் ஸ்பாய்லரும் உள்ளன. 400 கன அங்குல ராம் ஏர் 3 என்ஜினும் (பானெட்டின் துளைகள் வழியே வெளிக்காற்றை இழுக்கும் வகை), ஹர்ஸ்ட் கியர் கம்பியுடன், கையால் மாற்றும் நான்கு வேக மன்சி கியர்பாக்ஸும் பொருத்தப்பட்டிருக்கின்றன. பாடியைச் சேசிஸிலிருந்து தனியே பிரித்தெடுத்து வேலை செய்ததாகவும், என்ஜினில் உள்ள எண் காரின் எண்ணோடு பொருந்துவதாகவும் விற்பவர் உறுதியாகச் சொல்கிறார். புதுப்பித்தபோது எடுத்த படங்களும் உதிரி பாகங்கள் வாங்கிய ரசீதுகளும் ஒரு தடித்த கோப்பில் இருக்கின்றன.

காரின் விஐஎன் எண் (வண்டியின் அடையாள எண்) 242379 என்று தொடங்குகிறது. அடுத்து பி என்ற எழுத்து வருகிறது. ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் பயணியர் அறைக்கும் இடையிலுள்ள தடுப்பில்) உள்ள சிறிய உலோகத் தகட்டையும் அவர் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அதன் மேல்வரிசையில் 10 சி என்றும், பெயின்ட் என்ற இடத்தில் 50 50 என்றும் அடித்திருக்கிறது. இவற்றிலிருந்து ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா? நேரில் பார்க்கப் போகும்போது எதையெதைச் சோதிக்க வேண்டும்? இன்றைய பெட்ரோலில் இந்த என்ஜின் சிரமமில்லாமல் ஓடுமா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில்: போன்டியாக் பிரியர்

வணக்கம் நண்பரே. நீங்கள் அந்தத் தகட்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதியது மிக நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்தச் சிறிய தகட்டிலேயே இருக்கிறது.

முதலில் விஐஎன் எண்ணைப் பார்ப்போம். 2 என்பது போன்டியாக் நிறுவனம், 42 என்பது ஜிடிஓ வரிசை, 37 என்பது இரண்டு கதவு ஹார்ட்டாப் (நடுத்தூண் இல்லாத நிலையான) கூரை, 9 என்பது 1969-ஆம் ஆண்டு, பி என்பது மிச்சிகன் மாநிலத்தின் போன்டியாக் நகரத்துத் தொழிற்சாலை. எனவே இது பிறவியிலேயே ஜிடிஓதான் என்பதில் ஐயமில்லை. 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் ஜிடிஓ என்பது லெ மான்ஸ் காரின் மேல் வாங்கும் கூடுதல் தொகுப்பாக மட்டுமே இருந்ததால், அந்த வண்டிகளின் எண்ணை வைத்து ஜிடிஓவைப் பிரித்தறிய முடியாது. 1966-இல் தனி வரிசையாக ஆன பிறகே 242 என்ற எண் வந்தது. ஆனால் ஜட்ஜ் விஷயத்தில் அதே பழைய சிக்கல் மீண்டும் தலைதூக்குகிறது. ஜட்ஜ் என்பது ஜிடிஓவின் மேல் 332 டாலர் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய தொகுப்பு. விஐஎன் எண்ணில் அதற்கு எந்த அடையாளமும் கிடையாது. 1969-இல் விற்ற 72,287 ஜிடிஓக்களில் 6,833 மட்டுமே ஜட்ஜ். அவற்றிலும் 108 வண்டிகள் திறந்த கூரை கொண்டவை. பட்டைகள், ஸ்பாய்லர், சின்னங்கள் என்று ஜட்ஜுக்கே உரிய எல்லாப் பாகங்களும் இன்று புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன என்பதால், சாதாரண ஜிடிஓ ஒன்றை ஜட்ஜ் போல மாற்றுவது ஒரு நல்ல பட்டறைக்குப் பெரிய வேலையே இல்லை.

இப்போது தகட்டுக்கு வருகிறேன். 10 சி என்பது பாடி கட்டப்பட்ட காலத்தைக் காட்டுகிறது: பத்தாவது மாதத்தின் மூன்றாவது வாரம், அதாவது 1968 அக்டோபர் மாதத்தின் நடுப்பகுதி (1969 மாடல் வண்டிகளின் உற்பத்தி முந்தைய ஆண்டிலேயே தொடங்கிவிட்டது). ஜட்ஜ் தொகுப்பை போன்டியாக் அறிவித்ததோ 1968 டிசம்பரில். அறிவிப்புக்கு இரண்டு மாதம் முன்பே கட்டி முடிக்கப்பட்ட பாடி ஜட்ஜாகத் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்திருக்க வழியில்லை. 50 50 என்பது மேலும் கீழும் கேமியோ ஒயிட், அதாவது வெள்ளை நிறம். கரோசல் ரெட்டின் எண் 72. ஜட்ஜ் வண்டிகள் பின்னால் வேறு நிறங்களிலும் வந்தன என்பதால் நிறம் மட்டும் எதையும் முடிவு செய்துவிடாது. ஆனால் தொடக்கத்தில் வந்த ஜட்ஜ் வண்டிகள் அந்தச் செம்மஞ்சளில்தான் வந்தன. அக்டோபர் மாதத்து வெள்ளை வண்டி என்பது இரண்டு கோணத்திலும் இடிக்கிறது.

இதை விற்பவரிடம் சண்டையாகக் கொண்டுபோக வேண்டாம். அவரும் யாரோ ஒருவரிடம் இதை ஜட்ஜ் என்றே நம்பி வாங்கியிருக்கலாம். முழு விஐஎன் எண்ணையும் வாங்கி, போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்புக்கு அனுப்புங்கள். 1961 முதல் 1986 வரையிலான போன்டியாக் வண்டிகளின் தொழிற்சாலைப் பட்டியல்களின் நகல் அவர்களிடம் இருக்கிறது. எந்த என்ஜின், எந்தக் கியர்பாக்ஸ், எந்தெந்தத் தொகுப்புகளுடன் வண்டி வெளியேறியது என்று அதில் தெளிவாகத் தெரிந்துவிடும். அதே காலத்துச் செவ்ரோலெ வண்டியை அமெரிக்காவில் வாங்குபவர்களுக்கு இப்படி ஒரு பதிவேடு கிடையாது; அவர்கள் பெட்ரோல் டாங்கின் மேலும் பின்சீட்டின் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலும் பழைய உற்பத்தித் தாள் எஞ்சியிருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. போன்டியாக் வாங்கும் நமக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு இது. இந்த ஆவணத்தைக் கேட்காமல் ஜட்ஜ் விலை கொடுப்பவரை என்னால் புரிந்துகொள்ளவே முடிவதில்லை.

பதில்: பட்டறைக்காரர்

போன்டியாக் பிரியர் ஆவணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் இரும்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஜட்ஜாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் ஓட்டப்போவது இரும்பைத்தான்.

பென்சில்வேனியா, ஓஹையோ போன்ற மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலைகளில் உப்பு தூவுகிறார்கள். அங்கேயே காலங்கழித்த வண்டியாக இருந்தால், அதன் பின்பக்கத் தகடுகளின் கீழ்ப்பகுதி, டிக்கியின் தரை, பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள விளிம்பு, முன் மட்கார்டுகளின் அடிப்பகுதி ஆகியவை நிச்சயமாக ஒருமுறையாவது அரித்திருக்கும். அரித்ததைப் புதிய தகடு வைத்து வெல்டிங் செய்தார்களா, பட்டி பூசி மறைத்தார்களா என்பதுதான் கேள்வி. பெயின்ட் கனத்தை அளக்கும் சிறிய கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள். கூரையின் நடுவில் வரும் அளவை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு பின்சக்கர வளைவுக்கு மேலே வைத்துப் பாருங்கள். அங்கே அளவு பல மடங்கு ஏறினால் உள்ளே பட்டி அடைத்திருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையை முன்பக்க பம்பரில் செய்து பயனில்லை. 1968 முதல் ஜிடிஓவுக்கு வந்த எண்டுரா முன்பம்பர் உலோகம் போலத் தோன்றினாலும் மேற்பரப்பு நெகிழும் பொருளால் ஆனது. அதன் மேல் சாதாரண பெயின்ட் அடித்திருந்தால் சில ஆண்டுகளில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். பம்பரின் ஓரங்களை வெயிலில் குனிந்து பாருங்கள். வேலை செய்த பட்டறையின் நேர்மை அங்கே தெரியும்.

பிறகு டிக்கியில் விரித்திருக்கும் பாயைத் தூக்குங்கள். பின்கண்ணாடி விளிம்பு துருப்பிடித்தால் மழைநீர் உள்ளே வடிந்து அங்கேதான் தேங்கும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின் அச்சுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடத்தைச் சுத்தியின் பிடியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டியான இரும்பின் ஓசையும் மெலிந்த இரும்பின் ஓசையும் வேறு வேறு. புதுப்பித்தலின் படக்கோப்பை ஆற அமரப் பாருங்கள். பெயின்ட் முடிந்த பிறகு எடுத்த பளபளப்பான படங்கள் எதையும் நிரூபிக்காது. வெறும் தகடாக நிற்கும் பாடியும், வெல்டிங் தையல்களும், பிரைமர் அடிக்கும் முன் எடுத்த படங்களும் இருந்தால்தான் அந்தக் கோப்புக்கு மதிப்பு.

என்ஜின் எண்ணைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. பானெட்டைத் திறந்து, பயணி பக்கத்தில், சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே பிளாக்கின் முன்முகத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு எழுத்துக் குறியீடு அடித்திருக்கும். ராம் ஏர் 3 என்ஜினுடன் நான்கு வேக கியர்பாக்ஸ் வந்திருந்தால் அது டபிள்யூஎஸ். ஆட்டோமேட்டிக் என்றால் ஒய்இசட். 350 குதிரைத்திறன் கொண்ட சாதாரண 400 என்ஜினுக்கு முறையே டபிள்யூடி, ஒய்எஸ். 1968-இலிருந்து, டைமிங் கவருக்கு அருகே விஐஎன் எண்ணின் சுருக்கமும் அடிக்கப்பட்டது. உங்கள் வண்டிக்கு அது 29பி என்று தொடங்கி, அடுத்து ஆறு இலக்கங்கள் வர வேண்டும். செவ்ரோலெயில் இந்த எண்கள் ஹெட் அமரும் தளத்தின் நீட்சியில் இருப்பதால், அதைக் கடைந்து சமப்படுத்தும்போது அழிந்துபோவதுண்டு. போன்டியாக்கில் அவை முன்முகத்தில் இருப்பதால் அந்தச் சாக்கு இங்கே செல்லாது. எண் இல்லை என்றால், அது ஏன் இல்லை என்று கேட்டே ஆக வேண்டும்.

பெட்ரோல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த என்ஜின்களின் அமுக்க விகிதம் 10.75:1. ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோலை எதிர்பார்த்துச் செய்தவை இவை. அந்தப் பெட்ரோலைச் சாலை வண்டிகளுக்கு விற்பதை அமெரிக்கா 1996-இல் முற்றிலும் தடை செய்துவிட்டது. இன்று பங்கில் கிடைக்கும் 91 அல்லது 93 ஆக்டேனில், மேட்டில் முழு விசையுடன் ஏறும்போது உள்ளே தட்டும் ஓசை கேட்டால், பிஸ்டன்களுக்கு அது ஆபத்து. எனவே என்ஜினைப் பிரித்து வேலை செய்தவர் குழிவான பிஸ்டன்களோ பெரிய எரிகலன் கொண்ட ஹெட்டுகளோ போட்டு விகிதத்தைக் குறைத்தாரா, எக்சாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய சீட்டுகள் வைத்தாரா என்று ரசீதுகளில் தேடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கரைத்து மென்மையாக்கிவிடும் என்பதால், கார்புரேட்டருக்குப் போகும் குழாய்கள் புதியவையா என்பதையும் பாருங்கள். பழைய வகைத் தட்டை டேப்பெட் கேம்ஷாஃப்டுக்கு துத்தநாகச் சேர்மம் போதிய அளவில் உள்ள என்ஜின் ஆயில் வேண்டும். இன்றைய கார்களுக்கான ஆயில்களில் அது குறைக்கப்பட்டுவிட்டது. எந்த ஆயில் ஊற்றுகிறார் என்று விற்பவரிடம் சாதாரணமாகக் கேளுங்கள். அவர் தயங்காமல் பதில் சொன்னால் வண்டியைப் பொறுப்பாக வைத்திருக்கிறார் என்று நம்பலாம்.

கேட்டவரின் தொடர்ச்சி: ஓஹையோவாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பதிவேட்டின் நகல் வந்துவிட்டது. வண்டியையும் நேரில் பார்த்துவிட்டேன். போன்டியாக் பிரியர் கணித்தது அப்படியே உண்மை. இந்த வண்டி வெள்ளை நிறத்தில், 350 குதிரைத்திறன் என்ஜினுடன், டர்போ ஹைட்ராமேட்டிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுடன் தொழிற்சாலையை விட்டு வெளியேறியிருக்கிறது. ஜட்ஜ் தொகுப்பு பட்டியலில் இல்லை.

ஆனால் எனக்கு வியப்பளித்தது வேறொன்று. பிளாக்கின் முன்முகத்தில் ஒய்எஸ் என்ற எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. 29பி என்று தொடங்கும் எண்ணும் காரின் எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாகப் பொருந்துகிறது. அப்படியானால் எண்கள் பொருந்துகின்றன என்று விற்பவர் சொன்னது பொய்யில்லை. பொருந்தும் அந்த எண்ணே இது ஜட்ஜ் இல்லை என்று சாட்சி சொல்கிறது. டாஷ்போர்டின் அடியில் ராம் ஏர் மூடிகளைத் திறக்கும் குமிழ் இருக்கிறது. அதை இழுத்தால் பானெட்டின் காற்றுத்துளைகள் திறக்கின்றன. கியர்பாக்ஸில் உள்ள எண் வேறு காருடையது.

பாடி வேலை மிக நன்றாக இருக்கிறது. வெறும் தகடாக நின்ற காலத்துப் படங்கள் நிறைய உள்ளன. பெயின்ட் கனம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. சேசிஸ் கெட்டியாக இருக்கிறது. நகலைக் காட்டியபோது விற்பவர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். தாம் ஜட்ஜ் விலை கொடுத்தே இதை வாங்கியதாகச் சொல்லி, விலையை 85,000 டாலராகக் குறைத்தார். இப்போது நான் விலகிவிட வேண்டுமா, அல்லது பேசிப் பார்க்கலாமா?

பதில்: ஏல அரங்கம்

நான் பழைய கார்களின் ஏலங்களைத் தொடர்ந்து கவனித்து வருபவன். என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: 85,000 டாலர் என்பது இன்னமும் ஜட்ஜின் நிழலில் நின்று கேட்கும் விலை. ஜட்ஜ் தொகுப்புக்காக வாங்குபவர்கள் கொடுக்கும் கூடுதல் தொகை முழுவதும் ஆவணத்துக்குத்தான். அந்த ஆவணம் இந்த வண்டிக்கு எதிராகவே இருக்கும்போது, பேச்சை 94,000-இலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வருவது தவறான தொடக்கம். நன்றாகப் புதுப்பிக்கப்பட்ட, தன் சொந்த என்ஜினுடன் உள்ள 1969 ஜிடிஓ ஹார்ட்டாப் ஒன்றுக்குச் சமீபத்திய ஏலங்களில் என்ன விலை கிடைத்தது என்று பார்த்து, அங்கிருந்து தொடங்குங்கள். மீகம், பாரட்-ஜாக்சன் போன்ற ஏல நிறுவனங்களின் முடிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. பிறகு நிறமும் கியர்பாக்ஸும் மாற்றப்பட்டதற்காக அதிலிருந்தும் சற்றுக் கழியுங்கள்.

அவர் ஏமாற்றப்பட்டிருந்தால் அது வருத்தத்துக்குரியது. ஆனால் அவருடைய இழப்பை உங்கள் பணத்தால் ஈடுகட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

பதில்: போன்டியாக் பிரியர்

விலையைப் பற்றி ஏல அரங்கம் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் விலகிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தொழிற்சாலையில் பொருத்திய என்ஜினுடன் ஒரு ஜிடிஓ அரை நூற்றாண்டைக் கடந்து நிற்பது சாதாரண விஷயமல்ல. பந்தயத்தில் ஓட்டி வெடித்தும், திருடப்பட்டும், வேறு பிளாக் மாற்றப்பட்டும் போனவையே அதிகம். இந்த வண்டியைக் காப்பாற்றி இவ்வளவு நல்ல நிலைக்குக் கொண்டுவந்தவர்களின் உழைப்பு ஜட்ஜ் பட்டைகளால் பொய்யாகிவிடாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் சரியான விலைக்கு வாங்கி, நாளடைவில் பட்டைகளையும் ஸ்பாய்லரையும் எடுத்துவிட்டு, பதிவேட்டில் உள்ளபடி கேமியோ ஒயிட்டுக்கே திருப்பிவிடுவேன். இந்த மாடலின் நீண்ட பானெட்டும், குரோமே இல்லாத முன்முகமும் வெள்ளையில் எவ்வளவு கம்பீரமாக இருக்கும் என்று பலர் பார்த்ததே இல்லை.

பதில்: பட்டறைக்காரர்

நிறத்தை மாற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல பெயின்டைச் சுரண்டி எடுத்து மறுபடி அடிக்க ஆகும் செலவு, வண்டியின் மதிப்பில் திரும்பி வராது. அந்தப் பணத்தை பிரேக்கில் போடுங்கள். 1969-இல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் என்பது விருப்பத் தேர்வுதான்; டிரம் பிரேக்குடன் வந்த வண்டி என்றால், இன்றைய போக்குவரத்தில் இந்த எடையை நிறுத்துவதற்கு அது போதவே போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு மன்சி போட்டிருக்கிறார்கள் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். ஆட்டோமேட்டிக்குக்கென்று வந்த கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் பைலட் புஷ் (கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் சிறு வளையம்) அமரும் துளை முறையாகக் கடையப்பட்டிருக்கிறதா என்று, அந்த வேலையைச் செய்த பட்டறையிடம் கேட்க வேண்டும். கிளட்சை மிதித்துக் கியர் மாற்றும்போது உரசலோ கரகரப்போ இருந்தால், கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

பதில்: ஏல அரங்கம்

வாங்குவதென்று முடிவு செய்தால், காகித வேலையில் கவனமாக இருங்கள். விற்பனைப் பத்திரத்தில் 1969 போன்டியாக் ஜிடிஓ ஹார்ட்டாப் என்று மட்டுமே எழுதச் சொல்லுங்கள். ஜட்ஜ் பாகங்கள் பின்னால் சேர்க்கப்பட்டவை, கியர்பாக்ஸ் மாற்றப்பட்டது என்பதையும் ஒரு வரியில் சேர்க்கச் சொல்லுங்கள். டைட்டில் எனப்படும் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணையும், முன்கண்ணாடி வழியாகத் தெரியும் டாஷ்போர்டுத் தகட்டின் எண்ணையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தகட்டின் ரிவெட்டுகளின் தலை பூவிதழ் போன்ற வடிவில் இருக்க வேண்டும். சாதாரண ரிவெட்டாக இருந்தாலோ, பிடுங்கி மறுபடி அடித்த தடயம் தெரிந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் விஐஎன் தகட்டில் கைவைப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, வழக்கமான கார் பாலிசி இழப்பின்போது தேய்மானம் கழித்த சந்தை மதிப்பையே கொடுக்கும். பழைய கார்களுக்கென்று உள்ள நிறுவனங்களில், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையை முழுமையாகத் தரும் பாலிசி எடுங்கள். அதற்கு மதிப்பீட்டாளர் வரும்போது பதிவேட்டின் நகலை முதலிலேயே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஜட்ஜ் என்று எழுதி வாங்கிய மதிப்பீடு, விபத்து நடந்த பிறகு உங்களுக்கே எதிராகத் திரும்பக்கூடும்.

கேட்டவரின் தொடர்ச்சி: ஓஹையோவாசி

அனைவரின் அறிவுரையையும் மனத்தில் வைத்து, சமீபத்திய ஏல முடிவுகளை அச்சிட்டு எடுத்துக்கொண்டு விற்பவரிடம் பேசினேன். சாதாரண ஜிடிஓ ஹார்ட்டாப் விலையிலிருந்து கியர்பாக்ஸ் மாற்றத்துக்காகச் சற்றுக் கழித்து ஒரு தொகையைச் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். கிளட்ச் வேலையைச் செய்த பட்டறையின் ரசீதைத் தேடி எடுத்துத் தருவதாகவும், விற்பனைப் பத்திரத்தில் ஏல அரங்கம் சொன்ன வரியைச் சேர்க்கத் தமக்குத் தடையில்லை என்றும் சொன்னார். முன்சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக்தான். டிஸ்க் பிரேக்காக மாற்றும்போது மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டுமா என்பதைப் பட்டறைக்காரர் சொன்னால், அந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்வேன்.

பதில்: பட்டறைக்காரர்

ஆம், சேர்த்தே மாற்ற வேண்டும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர் டிஸ்க் காலிப்பருக்குத் தேவையான அளவு திரவத்தைத் தள்ளாது. அத்துடன் முன், பின் சக்கரங்களுக்கு இடையே அழுத்தத்தைப் பகிர்ந்து தரும் வால்வும் டிஸ்க்-டிரம் அமைப்புக்கு உரியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவசரமாக மிதிக்கும்போது பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். பழைய ரப்பர் பிரேக் குழாய்களையும் அதே வேலையில் மாற்றிவிடச் சொல்லுங்கள்.